கணைக்காலில் ஒரு பள்ளம்

என் நிச்சயதார்த்தத்தன்று, தட்டு மாற்றிக்கொண்டிருந்த வேளையில்தான் இடது காலில் ஈரம் தட்டுப்பட்டது. கூடத்தில் பாய் விரித்து இரு வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையில் தலை குனிந்து அமர்ந்திருந்தேன். பன்னீர் தெளித்தது பட்டிருக்கும் என்று நினைத்தேன். பன்னீர் வெதுவெதுப்பாக இருக்காது என்பது சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

வந்தவர்கள் விடைபெற்றுப் போனதும் அம்மா புடவையை விலக்கிப் பார்த்தார். ஆறிப்போயிருந்த பழைய தழும்பின் நடுவே மிளகளவு கொப்புளம் ஒன்று உடைந்து, மஞ்சளாக நீர் கசிந்துகொண்டிருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் பயமும் இல்லை.

"சூட்டுக் கட்டியா இருக்கும்" என்று அம்மா மஞ்சளை இழைத்துப் பூசினார்.

எழுபதைத் தாண்டிய பிறகு இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குச் செயற்கை மூட்டு வைத்த முழங்காலில் சீழ் வைத்துவிட்டது. "எந்த மருந்துக்கும் கேக்க மாட்டேங்குதுங்க. என்னமோ பயோஃபிலிம்னு சொல்றாங்க. உங்களுக்கும் கால்ல இப்படி ஏதோ இருந்துச்சாமே?" என்று என்னிடம் வந்து கேட்டார். பயோஃபிலிம் (கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கோழைப் படலம்) என்ற பெயர் எனக்குப் புதிது. ஆனால் ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். என் காலில் நெடுநாள் குடியிருந்த ஆள்தான்.

அந்தப் பெண்ணுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

மலாய் நாடு சுதந்திரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. நான் காஜா பெராங் என்ற ஊரில் பெற்றோருடன் இருந்தேன். அப்பா பஸ் ஓட்டினார். நான் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியை. சைக்கிளில் போய் வருவேன். ஒருநாள் காலையில் சந்திலிருந்து திரும்பிய மாட்டுவண்டி ஒன்றின் மேல் மோதி விழுந்தேன். மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணைக்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்தி, விலகாமலிருக்க இரும்புத் தகடு ஒன்றை வைத்துத் திருகாணிகளால் முடுக்கினார்கள். புண் ஆறியது. ஊன்றுகோலோடு நடக்கவும் ஆரம்பித்தேன். பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தங்கவேலு, நகரத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். கால் உடைந்து சேர்ந்த கதையை அப்பா ஒளிக்காமல் சொன்னார். "சேந்த எலும்புதான் கெட்டி" என்று மாப்பிள்ளை வீட்டார் தேதி குறித்தார்கள்.

அப்போதுதான் அந்தக் கொப்புளம் உடைந்தது.

பெனிசிலின் ஊசி போட்டார்கள். கசிவு நின்றது, வாய் மூடியது. எல்லோரும் மூச்சு விட்டோம். சில வாரங்களில் காய்ச்சல் வந்து அதே இடம் மறுபடி உடைந்தது. மறுபடி ஊசி. மறுபடி மூடல். மறுபடி உடைப்பு. ஒவ்வொரு முறை மூடியபோதும் கல்யாணத் தேதி குறித்தோம். ஒவ்வொரு முறை உடைந்தபோதும் தள்ளிவைத்தோம். புண் மூடுவதும் குணமாவதும் ஒன்றல்ல என்பதை நான் கற்றுக்கொண்டது இப்படித்தான். இந்த நோயில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுவே. மேலே மூடியிருக்கிறது என்று கொண்டாடாதீர்கள். உடைந்துவிட்டது என்று இடிந்துபோகவும் வேண்டாம்.

கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். படம் எடுத்துப் பார்த்த மூத்த மருத்துவர் ஒருவர், எலும்பே சீழ் பிடித்திருக்கிறது, நஞ்சு உடம்பெங்கும் பரவுவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்றார். அந்தக் காலத்தில் அது நியாயமான யோசனைதான். அம்மா வார்டு வராந்தாவில் போய் நின்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. போர்வைக்கு வெளியே தெரிந்த இடது கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். ஐந்தும் சொன்னபடி கேட்டன. சொன்ன பேச்சுக் கேட்கிற விரல்களை எப்படி அனுப்புவது?

டாக்டர் சபாநாதன் அந்த வாரம்தான் எங்கள் வார்டுக்கு மாற்றலாகி வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அறுவை மருத்துவர். குச்சி போல ஒல்லியாக இருப்பார். குரல் மட்டும் அடுத்த வார்டு வரை கேட்கும். என் காலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நோகுதோ பிள்ளை?"

"இல்லீங்க டாக்டர்."

"நல்லது. பொறுங்கோ. சீழை எடுத்துச் சோதிக்கக் குடுத்திருக்கிறன். அது வரட்டும், பிறகு கதைப்பம்."

சில நாள் கழித்துக் கையில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றோடு வந்தார். மூடி போட்ட தட்டையான கிண்ணம். உள்ளே கூழ் உறைந்தது போல ஒரு படுகை. அதில் என் சீழிலிருந்து எடுத்த கிருமிகளை விதைத்து வளர்த்திருந்தார்கள். மேலே பொட்டளவு காகித வில்லைகள் அங்கங்கே கிடந்தன. ஒவ்வொரு வில்லையும் ஒவ்வொரு மருந்தில் நனைத்தது.

"இது பெனிசிலின். பாருங்கோ."

பார்த்தேன். அந்த வில்லையை ஒட்டி, அதன் விளிம்பு வரை, கிருமிகள் பொன்னிறமாகச் செழித்து வளர்ந்திருந்தன. மருந்தைச் சாப்பிட்டே வளர்ந்தது போல இருந்தது.

"இதுகள் பெனிசிலினுக்குப் பழகின கிருமியள். எத்தனை ஊசி போட்டாலும் சிரிக்கும்." பிறகு கிண்ணத்தைத் திருப்பினார். "இப்ப இதைப் பாருங்கோ."

இன்னொரு வில்லையைச் சுற்றி ஒன்றுமே வளரவில்லை. நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினாற்போல் துல்லியமான வெறும் வட்டம். எரித்ரோமைசின் என்று பெயர் சொன்னார். அப்போது புதிதாக வந்திருந்த மருந்து, சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க வேண்டும். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் நெஞ்சு துள்ளியது அந்த வெறும் வட்டத்தைப் பார்த்துத்தான்.

"அப்ப அந்த மருந்து குடிச்சா சரியாயிருமா டாக்டர்?"

"அங்கைதான் சிக்கல். இந்தக் கிண்ணத்திலை கிருமி உடுப்பில்லாமல் வெறும் மேலோடை கிடக்குது. உங்கட காலிலை அப்பிடியில்லை. தகட்டிலையும் செத்த எலும்பிலையும் ஒட்டிக்கொண்டு, மேலாலை கோழை மாதிரி ஒண்டைப் போர்த்திக்கொண்டு இருக்குது. மருந்து ரத்தத்தோடைதான் போகும். செத்த எலும்புக்கு ரத்தம் போகாது. தகட்டுக்கும் போகாது. தண்ணித் தொட்டிச் சுவரிலை வழுக்கல் பிடிக்குமே, தண்ணியை மாத்தினாப் போகுமோ? சுரண்டவேணும். விளங்குதோ?"

விளங்கியது. தகட்டை முன்பே ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். எலும்பு ஒட்டாமல் தகட்டை எடுத்தால் கால் இரண்டாகிவிடும். எலும்பைத் தாங்கிக்கொண்டிருந்ததும் தகடுதான், கிருமிக்கு இடம் கொடுத்ததும் அதேதான் என்றார். இப்போது படத்தில் எலும்பு ஓரளவு ஒட்டியிருந்தது. தகட்டை எடுத்து, செத்த எலும்பை உளியால் செதுக்கி, குழியைத் திறந்தபடி விட்டு அடியிலிருந்து ஆறவிட வேண்டும். கூடவே புது மருந்து. பல மாதம் ஆகும். எலும்பு மறுபடி உடையலாம். உடைந்தால் பிறகு காலை எடுக்கத்தான் வேண்டும்.

"இப்பவே எடுத்தால் இரண்டு கிழமையிலை வீட்டை போகலாம். நான் சொல்லுற வழி நீளம். யோசிச்சுச் சொல்லுங்கோ."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா பஸ் சீருடையிலேயே வந்திருந்தார்; தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். "கால் உன்னுது. நீதான் சொல்லணும்" என்றார்.

"நீளமான வழியிலயே போறேன்" என்றேன்.

இதற்கிடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் சிரிக்கக் கற்றுக்கொண்டது அதில்தான்.

நிச்சயம் செய்த பெண்ணும் பையனும் கல்யாணத்துக்கு முன் பேசிக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் எல்லோருக்கும் பொது. தங்கவேலு சாயங்காலங்களில் வரத் தொடங்கினார். வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று, என்னைப் பற்றி என் அம்மாவிடம் விசாரிப்பார்.

"அவங்க பசியாறிட்டாங்களா அத்தை?"

நான் அங்கேயேதான் படுத்திருப்பேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். "ஆறிட்டாளாம்" என்று அம்மா அவருக்குச் சொல்வார். "காய்ச்சல் இருக்கா அத்தை அவங்களுக்கு?" "இருக்காடி?" "இல்ல." "இல்லையாம்."

ஒருநாள் அம்மா வெந்நீர் வாங்கப் போனார். தங்கவேலு சுவரைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த மீனாச்சி கக்காவுக்கு (மலாயில் கக்கா என்றால் அக்கா) பொறுக்கவில்லை. அவர் எங்கள் காஜா பெராங்கிலேயே பல தலைமுறைகளாக வாழும் செட்டி சமூகத்துப் பெண். பெயர் தமிழ், பேச்சு முழுக்க மலாய். பித்தப்பைக் கல்லுக்காகப் படுத்திருந்தார். "சாக்காப்லா!" என்று தங்கவேலுவைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். பேசேன் என்று அர்த்தம்.

தங்கவேலு திடுக்கிட்டு, என்னிடம் முதன்முதலாகப் பேசியது இதுதான்: "மழை வர்ற மாதிரி இருக்குங்க."

"ஆமாங்க" என்றேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அம்மா அதிக நேரம் வெந்நீர் வாங்கினார்.

அறுவைக்கு முன் தங்கவேலுவின் தாயார் மாரியாயி வந்தார். உறவினர்கள் வேறு பெண் பார்க்கச் சொல்லி நச்சரிப்பது எங்களுக்குத் தெரியும். டாக்டர் வரும்வரை அந்த அம்மா முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வந்ததும் எழுந்து வழிமறித்தார்.

"டாக்டரையா, ஒளிக்காம சொல்லுங்க. இந்தப் பொண்ணு நடக்குமா? நாளைக்குப் புள்ள பெத்துக்குமா?"

டாக்டர் என் காலை ஒருமுறை பார்த்தார். மாரியாயி அம்மாவை ஒருமுறை பார்த்தார்.

"நடக்கிறதைப் பற்றிப் பிறகு சொல்லுறன் அம்மா. பிள்ளை பெறுறது காலாலையோ?"

முதலில் சிரித்தது மாரியாயி அம்மாதான். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு எல்லாக் கட்டில்களிலிருந்தும் சிரிப்பு எழுந்தது. மிஸ்ஸி (தாதியரை அப்போது அப்படித்தான் அழைப்போம்) மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மொழி புரியாத மீனாச்சி கக்கா, கல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். மாரியாயி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, முக்காலியில் அல்ல, என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான் கேட்டது தப்பா நெனச்சுக்காதடி. கழுத்தறுபட்ட சனங்க என் காதைக் கடிக்குதுங்க. இனி எவ வந்து கேட்டாலும் டாக்டரு சொன்னதைச் சொல்லிர்றேன்" என்றார். அன்று முதல் எங்கள் கல்யாணத்தை யாரும் அசைக்கவில்லை.

அறுவை முடிந்து மயக்கம் தெளிந்தபோது தாகம்தான் முதலில் தெரிந்தது. பிறகு, விரல்கள். அசைத்தேன். ஐந்தும் கேட்டன.

மறுநாள் டாக்டர் ஒரு தட்டில் என் தகட்டைக் கொண்டுவந்து காட்டினார். தங்கவேலு அருகில் இருந்தார். அறுவையின்போது எடுத்து, கழுவாமல் அப்படியே வைத்திருந்தார்கள். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. சாய்த்துப் பிடித்தபோது வெளிச்சத்தில் மெல்லிய மினுமினுப்பு தெரிந்தது. டாக்டர் உறை போட்ட விரலால் தடவினார். வழுக்கியது. பக்கத்தில் தந்த நிறத்தில், கொட்டைப்பாக்குப் பிளவு போல ஒரு துண்டு. செத்த எலும்பு.

"அட, இது நம்ம குழாய்க்குள்ள பிடிக்கிற வழுக்கல்தான்!" என்றார் தங்கவேலு. "மருந்து ஊத்தினாலும் போகாது டாக்டரு. கம்பியை விட்டுத் தேய்க்கணும்."

"அதைத்தான் நேற்று முழுக்கச் செய்தனான்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து தங்கவேலு பார்ப்பவரிடமெல்லாம், டாக்டரும் தானும் ஒரே தொழில்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்றைக்கும் யாராவது காலைப் பற்றிக் கேட்டால் அங்கேதான் ஆரம்பிப்பார்.

குழியைத் துணியால் நிரப்பி, அதன்மேல் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். அதைப் பல வாரம் பிரிக்கக் கூடாது. உள்ளே புண் ஆற ஆற, கட்டு நாறத் தொடங்கியது. எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. டாக்டரோ உற்சாகமானார்.

"மணக்கட்டும் பிள்ளை. காய்ச்சல் இல்லை, விரல் சூடாயிருக்கு. மணந்தாலும் பயமில்லை."

அவர் ஊரில் நாற்றத்துக்கும் மணம் என்றே சொல்வார்களாம். தங்கவேலு விடவில்லை. "கால் மணக்குது, சரி டாக்டரு. நான் மணக்கிறது எப்பன்னு சொல்லுங்க."

டாக்டர் சத்தம் போட்டுச் சிரித்த அந்தச் சிரிப்பை அடுத்த வார்டிலும் கேட்டிருப்பார்கள்.

சுதந்திர நாள் அந்தக் கட்டோடுதான் விடிந்தது. நடக்கக்கூடியவர்களெல்லாம் வராந்தாவுக்குப் போனார்கள். என்னைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். யாரோ சன்னல் கட்டையில் வானொலியை வைத்திருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து கூட்டத்தின் முழக்கம் கேட்டது. "மெர்டேக்கா!" என்று வானொலி சொல்ல, வராந்தாவும் சொன்னது. நோயாளிகளின் முழக்கம் அவ்வளவு பலமாக இல்லை. ஆனால் யாரும் விட்டுவைக்கவில்லை. தையல் போட்ட வயிற்றைத் தலையணையால் அழுத்திக்கொண்டு ஒருவர் கத்தினார்.

ஏற்கெனவே குணமாகி வீடு போயிருந்த மீனாச்சி கக்கா, புதுக் கெபாயாச் சட்டை உடுத்தி, வாழையிலைப் பொட்டலங்களில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் எடுத்துக்கொண்டு வந்தார். என் அருகில் வந்ததும் கைக்குட்டையால் மூக்கை மூடினார். "அடோய், பாவ் பூசோக்!" அழுகல் நாற்றமாம். பிறகு என் கன்னத்தைக் கிள்ளி, "ஹாத்தி வாங்கி" என்றார். மனசு மணக்கிறதாம். நாறும் காலை நீட்டிக்கொண்டு, அந்தச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். அன்று எனக்கு இருந்த பசி இன்னும் நினைவிருக்கிறது. நோய் வந்த நாளிலிருந்து அப்படிப் பசித்ததில்லை. உடம்பு வாழ முடிவு செய்துவிட்டது என்பதை எந்தச் சோதனைக்கும் முன்னால் எனக்குச் சொன்னது அந்தப் பசிதான்.

கட்டைப் பிரித்தபோது குழியின் அடியெங்கும் செக்கச் செவேலென்று புதுச் சதை துளிர்த்திருந்தது. மாதுளை முத்துகளைப் பரப்பி வைத்தாற்போல. சீழ் இல்லை. டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடிவாயிருக்கு" என்று மட்டும் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அழகுக்கு அதுதான் சொல். என் பட்டுப்புடவைக்குக்கூட யாரும் அப்படி மனமாரச் சொன்னதில்லை.

பிறகு தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துக் குழியின் மேல் ஒட்டினார்கள் (தோல் ஒட்டு என்பார்கள்). எடுத்த இடம்தான் ஒட்டிய இடத்தைவிட வலித்தது. அது தெரிந்திருந்தால் நல்லது; பலர் அதற்குப் பயந்துபோகிறார்கள். தோல் பிடித்தது. எலும்பு தாங்கியது. முதலில் கட்டைகளை ஊன்றி, பிறகு ஒரு கோலோடு, பிறகு சுவரைப் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல்.

தை மாதம் கல்யாணம். அக்கினியைச் சுற்றி வரும்போது நடுவில் உட்கார நாற்காலி போடட்டுமா என்று புரோகிதர் கேட்டார். "அவ நடப்பா. நீங்க மந்திரத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லுங்க" என்றார் மாமியார். தங்கவேலு என் விரலைப் பிடித்துக்கொண்டு, என் காலுக்குத் தகுந்தபடி அடியெடுத்து வைத்தார். நாதசுரக்காரர் நிலைமை புரிந்து ஒரே ராகத்தை வளர்த்துக்கொண்டே போனார். அவ்வளவு மெதுவாகச் சுற்றிய மணமக்களை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. பந்தியில் சாம்பார் ஆறிவிட்டது என்று ஒரு பெரியப்பா மட்டும் குறைப்பட்டார்.

உங்களுக்கும் இதே நோய் இருந்தால் ஒன்றைச் சொல்வேன். மருந்து வேலை செய்யவில்லை என்பதால் உங்கள் உடம்பு தோற்றுவிட்டது என்று எண்ணாதீர்கள். மருந்து போய்ச் சேர முடியாத இடத்தில் கிருமிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். எது வளர்கிறது, எந்த மருந்துக்குச் சாகும், எதை வெட்டி எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எங்கள் தெருப் பெண்ணுக்கும் பழைய மூட்டை எடுத்துவிட்டார்கள். புதிய மூட்டுக்காகக் காத்திருக்கிறார். போனவாரம் பார்க்கப் போனபோது, பசிக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் காலில் அந்த இடம் பள்ளமாகவே நின்றுவிட்டது. மேலே பளபளவென்று மெல்லிய தோல். அதில் வியர்க்காது. தொட்டால் தெரியாது. சோப்புப் போடும்போது வேறு யாருடைய காலையோ கழுவுவது போல இருக்கும். தோலுக்கு உணர்ச்சி திரும்பினால் திரும்பும், அதற்குக் காலக்கணக்கு இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் நாளை எண்ணி எண்ணி வாழ்ந்தவள் நான். இதை எண்ண முடியாது என்று தெரிந்ததும் எண்ணுவதையே விட்டேன். பள்ளிக்குத் திரும்பினேன். மகள் பிறந்தாள், நடந்தாள், ஓடினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உஜோங் பாசிர் கடற்கரைக்குப் போயிருந்தோம். அவரும் மகளும் தண்ணீர் ஓரம் நண்டு துரத்திக்கொண்டிருந்தார்கள். நான் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். திடீரென்று சுருக்கென்றது. துள்ளி எழுந்து "ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

அவர் மணலில் விழுந்தடித்து ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "என்ன செல்வி? மறுபடியும் காலா?"

பள்ளத்தின் நட்ட நடுவில் ஒரு கட்டெறும்பு கடித்துக்கொண்டிருந்தது.

"எறும்பு கடிக்குதுங்க" என்றேன். "வலிக்குது. நல்லா வலிக்குது!"

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு என் பக்கத்தில் முழந்தாளிட்டு, அந்த எறும்பை ஏதோ விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். மகள் தட்டிவிடக் கை ஓங்கினாள்.

"இரு பாப்பா" என்று தடுத்தேன். "இன்னும் கொஞ்ச நேரம் கடிக்கட்டும்."